எர்த் கம்பி

ஜூன் 4

உங்களுக்கு,

மூன்று வருடமாகத் திறக்காத கார் ஷெட்டைப் போன ஞாயிற்றுக்கிழமை ஏன் திறந்தேன்? யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. போனில் சொன்னால் சிரித்துச் சமாளித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று, உங்கள் பழைய காரின் மடிப்புக் கூரையைத் திறந்தபடியே விட்டுப் போயிருக்கிறீர்கள். ஷெட்டின் தகரம் ஒழுகிப் பின்சீட்டு ஊறிக் கிடக்கிறது. புது பேட்டரி மாட்டிக் கூரையின் ஸ்விட்சை அழுத்தினேன். ஒரு முனகல்கூட இல்லை. பின்னால் போகும் வயர்களின் உறை தொட்டாலே உதிர்கிறது. இரண்டும் கறுப்பு. எது திறக்க, எது மூட?

வீடு அப்படியே இருக்கிறது. காலேஜில் இந்த வருடமும் மின்சாரப் பாடம் என் தலையில்தான்.

உங்கள் மனைவி
(சான்றிதழின்படி)

ஜூன் 11

அன்புள்ள புரொபசரம்மாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! கவரைப் பார்த்ததும் ஒர்க்‌ஷாப் முதலாளி, "என்னய்யா, வக்கீல் நோட்டீஸா?" என்றார். "அதைவிடப் பெருசுண்ணே, வீட்டம்மா எழுதியிருக்கா" என்றேன்.

கறுப்பு வயர் என் கைங்கரியம்தான். அன்றைக்குக் கடையில் வேறு நிறம் இல்லை. முடிச்சுப் போட்டது மூட, போடாதது திறக்க. பேட்டரியைக் கழற்றிவிட்டு வயரை மாற்று. பிறகு பேட்டரியை மாட்டி, டெஸ்ட் லாம்பின் கிளிப்பைக் காரின் இரும்பில் கவ்வ விட்டு, வயர் பின்சீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் ஊசியை வைத்து ஸ்விட்சைத் தள்ளிப் பார், கரண்ட் வந்தால் எரியும். ஜாக்கிரதை, கரண்டுக்கு உன் டிகிரியெல்லாம் தெரியாது.

பின்சீட்டைத் தூக்காதே. மோட்டார் போயிருக்கும். வேண்டுமானால் நான் வந்து பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மக்கு மெக்கானிக்

ஜூன் 20

உங்களுக்கு,

இரண்டு வயரையும் மாற்றிவிட்டேன். மூடச் சிவப்பு, திறக்க மஞ்சள். ஸ்விட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் லாம்ப் எரிகிறது. அங்கே வரை கரண்ட் போகிறது, ஆனால் மோட்டார் ஊமையாக இருக்கிறது.

தூக்காதே என்றதால் பின்சீட்டைத் தூக்கினேன். மோட்டாரிலிருந்து கரண்ட் திரும்பிப் போகிற எர்த் கம்பி காரின் உடம்பில் சேரவில்லை. தானாக அறுந்திருந்தால் முனை பிய்ந்து களிம்பேறியிருக்கும். இதன் முனையில் டேப் சுற்றியிருக்கிறது. ஸ்க்ரூ தொலையாமல் அதே ஓட்டையில் இரண்டு சுற்று முறுக்கி வைத்திருக்கிறது ஒரு கை. அது யாருடையது என்று ஊகிக்க முடிகிறது. இருந்தாலும் நீங்களே சொல்லுங்கள். கம்பியை இன்னும் மாட்டவில்லை.

உங்கள் மனைவி

ஜூன் 28

அன்புள்ள உனக்கு,

நான்தான். கிளம்பிய அன்று காலையில் கழற்றினேன். போ என்று நீ சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கூரை மூடவில்லை என்று ஒரு மழைக்குள் எழுதுவாய், ஓடி வருவேன், அப்படியே இருந்துவிடுவேன் என்று மனக்கோட்டை கட்டினேன். நீ ஷெட்டையே திறக்கவில்லை. மூன்று மழைக்காலம் போய்விட்டது. காரணம் இல்லாமல் வந்து நின்றால், "என்ன வேணும்?" என்று கேட்டுவிடுவாயோ என்று பயம்.

மாட்டாதே. ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை வந்து நானே மாட்டுகிறேன்.

உன் மக்கு

ஜூலை 11

உங்களுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. எனக்குச் சொல்ல வராது, நாளை கையில் கொடுக்கிறேன்.

ஷெட்டைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. திறந்தால் கார் இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள். எதையும் சரிசெய்ய வராமல் சும்மா ஒருநாள் வருவீர்கள் என்று நானும் இருந்தேன். நம்பினேன் என்று எழுத மாட்டேன், இருந்தேன்.

இன்று காலை கம்பியை மாட்டிவிட்டேன். முனையைத் தேய்த்து, ஸ்க்ரூவை இறுக்கி, ஸ்விட்சைத் தள்ளினேன். மோட்டார் உறுமியது. கூரை எழுந்து, தயங்கி, முன்கண்ணாடிமேல் வந்து உட்கார்ந்தது. வேண்டுமென்றேதான் செய்தேன். நாளை நீங்கள் வரும்போது இங்கே எந்தப் பழுதும் இருக்கக் கூடாது. ஒரு வேலையும் இல்லாத வீட்டில் நீங்கள் உட்கார வேண்டும். உட்காருங்கள்.

ஜூலை 12

பத்து மணிக்கு வந்தீர்கள். ஒரு கையில் டூல் பாக்ஸ், இன்னொரு கையில் நாலு நாள் துணி கொள்ளும் பை. நேராக ஷெட்டுக்குப் போனீர்கள். மூடியிருந்த கூரையைப் பார்த்தபடி நின்றீர்கள்.

"மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"நல்லா வேலை செய்யுதா?"

"செய்யுது."

"மாட்டாதேன்னு எழுதியிருந்தேனே..." என்று சிரித்தீர்கள். "சரி. அப்ப எனக்கு இங்க வேலை இல்லை."

இல்லை என்றேன். இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்த நல்ல செய்தி. நீங்கள் அதை அப்படிக் கேட்கவில்லை. நேற்று எழுதிய கடிதம் என் கையிலேயே இருந்தது. காப்பி போடட்டுமா என்றேன், வேண்டாம் என்றீர்கள். ஒரு மணி நேரம் இன்ஜினோடு மல்லுக்கட்டி ஸ்டார்ட் செய்தீர்கள். துணிப்பையைப் பின்சீட்டில் வைத்தீர்கள்.

"வண்டிய எடுத்துட்டுப் போகட்டுமா?"

"மழைக்கு முன்னாடி கெளம்புங்க."

தெருமுனையில் வண்டி ஒரு நிமிடம் நின்றது. கூரை மூடியிருந்ததால், நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பிறகு வண்டி முனை திரும்பிப் போய்விட்டது.

இருட்டும்வரை மழை வரவில்லை.