பம்பு அம்மாவுக்கும் ஒரு துண்டு

அன்புக் கண்ணம்மாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நலம். நீ நலம் என்பதே, அந்த ஊர்த் தண்ணீர்ப் பம்பைப் பார்த்துக்கொள்ளும் உன் பம்பு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் உன் போனை அவர் எடுத்து, பாப்பா இப்பதான் அசந்து தூங்குது, அப்புறம் கூப்பிடுங்கன்னு எனக்கே சொல்கிறார். அப்பாவிடம் பொருமினால், கடைசியில உனக்கு மகள் வழியில சக்களத்தியான்னு சிரிக்கிறார். அம்மா என்று கூப்பிட உனக்கு நரைத்த தலைதான் வேண்டுமோ? கல்லூரிக் கடைசிப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதியவள் நான், பார்க்கிறவர்கள் உன் அக்காவா என்று கேட்டால் அது என் குற்றமா?

நீ அங்கே அமைத்த தண்ணீர்த் திட்டத்தை ஊர்ப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் விடியற்காலையில் மாற்றுச் சாவியோடு போய் வால்வைத் திறந்தாயாமே. பம்பு அம்மா ஏற்கெனவே கீழ்த்தெருவுக்குத் திறந்து மூடியிருக்க, நீ மறுபடி திறந்ததில் தொட்டி காலியாகி மேட்டுத் தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு சாவியைக் கொடுத்துட்டு இன்னொண்ணை மடியில வச்சிருக்கியேடின்னு அவர் திட்டியதை, பரிசு வாங்கியதுபோல் என்னிடம் சொல்லிச் சிரிக்கிறாய். நான் ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். நாம் போன பிறகும் நம்மைத் தேடாமல் தண்ணீர் வந்தால்தான் நல்ல திட்டம் என்கிறாய். இங்கேயும் சமையலறைக் குழாய் ஒழுகி, நானே வாஷர் மாற்றிவிட்டேன், நீ இல்லாமலும் தண்ணீர் வருகிறது. அதற்காக இந்த வீட்டையும் ஒப்படைத்தாயிற்று என்று நினைத்துவிடாதே. வேலை முடிந்ததே, வந்துவிடு என்றால், கோடை முடியறவரை இருக்கச் சொல்றாங்கம்மா என்கிறாய். யார் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒப்படைத்த ஊருக்கும், ஒன்றும் பழுதாகாவிட்டாலும், அவ்வப்போது போய்ப் பார்த்துவர வேண்டும் என்பது உங்கள் அலுவலக விதியாமே. அந்த வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள். எனக்கு ஒன்றும் பழுதில்லை, சும்மா வந்து பார்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு நட. தொட்டி ஏணியில் ஏறும்போது கீழே யாராவது பிடித்துக்கொள்ளட்டும், அவரே பிடிக்கட்டும், பரவாயில்லை. நோய்நொடியில்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னால் அந்த ஊரும்.

பார்சலில் இரண்டு துண்டு வைத்திருக்கிறேன். குழாய் வெடித்து நீ நனைந்து நின்ற படத்தில் அவர் உன் தலையைத் துவட்டுவதைப் பார்த்தேன். பெரியது உனக்கு, சின்னது அவருக்கு. இனி உன் தலையை நீயே துவட்டிக்கொள், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா