அறைக்கு நாலு பேர்

ஆகஸ்ட் 25, திங்கள்
எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் புதுப் பெட்டி வந்துவிட்டது. எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்ற பதிவைத் தேடிப் பார்த்து, சட்டப்படி அறைக்கு உள்ள நாலு பேருக்கு மேல் வந்தால் கதவைத் திறக்காமல் வைப்பது இதுவரை என் கணினியில் ஓடிய மென்பொருளின் வேலை. சீசனில் திணறும். இனி இந்தப் பெட்டிக்குள் இருக்கும், அதற்கென்றே செய்த சிப் பார்த்துக்கொள்ளும். இன்று அட்டையை வைத்ததும் கதவு திறந்தது, வாசலில் வரிசையே இல்லை. பெட்டியைப் பொருத்திய ஜாபஸுக்கு மேனேஜர் ராஜபாண்டியன் இரண்டு தடவை காப்பி வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 9
மேற்கே எங்கேயோ வெடிச் சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் கம்பெனி இல்லை. அம்மா இங்கே வெடிமருந்து அடைக்கும் மருந்து அறையில் வேலையில் இருந்தாள். திரையில் அவள் பெயரைத் தேடினேன்— இருந்தது. அதனால் என்ன? வெடித்த பிறகும் பெயர் அங்கேயே இருக்கும்தானே.

செப்டம்பர் 12
பெரிய ஆர்டர். மேனேஜர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.
"அறைக்கு ஆறு பேருன்னு மாத்திரும்மா. போன சீசன்ல இங்கன இருந்த பையன் ஒரு வரியில மாத்துனானே."
"அது இப்ப சிப்புக்குள்ள போயிருச்சு சார். யாராலயும் மாத்த முடியாது."
பொய். இந்தச் சிப்பையும் மாற்றி எழுதலாம், ஜாபஸ் எனக்குக் காட்டியிருக்கிறார். எப்படி வாயில் வந்தது?

செப்டம்பர் 13
சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 15
மேனேஜர் ஜாபஸை வரச் சொல்லியிருக்கிறாராம். முன்னாலேயே ஜாபஸுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாமா? அவர் எனக்கு யார்? போட்டுக்கொடுத்தால் என் வேலை போகும். போகட்டும். வேறு யாராவது வந்து ஆறு என்று மாற்றிவிடுவார்களே— அந்த அறையில்தானே அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

செப்டம்பர் 17
ஜாபஸ் வந்தார். நான் சொன்னது நிஜமா என்று மேனேஜர் என்னை வைத்துக்கொண்டே கேட்டார். ஜாபஸ் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியே மருந்து அறைகளைப் பார்த்தார்.
"அவங்க சொன்னது சரிதான் சார். மாத்தணும்னா பெட்டியவே மாத்தணும்."
இந்தத் தடவை காப்பி இல்லை. ஜாபஸ் கிளம்பிவிட்டார்.

செப்டம்பர் 22
வெம்பக்கோட்டை பஸ் தாமதமாம். அம்மா போவதற்குள் அவள் இடத்தில் வேறொருத்தியை உட்காரவைத்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் என்று கதவு திறக்கவில்லை. சீசன் நேரத்தில் ஒரு நாள் கூலி போன ஆத்திரம், சோறு போட்டுக்கொண்டே திட்டினாள்.
"மேனேஜரே சொன்னாலும் ஒரு ஆளக் கூட விடாதாம்ல. எவன் செஞ்ச பெட்டியோ, அவன் நாசமாப் போக."
திட்டட்டும். என் எதிரே உட்கார்ந்துதானே திட்டுகிறாள். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன், திட்டிக்கொண்டே ஊற்றினாள்.