மறுக்கப் பழகிய கணினிகள்

பிலிமத்தலாவை,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பின் ஸிபான் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். "நானும் மகளும்" என்று எழுத இன்னும் கை பழகவில்லை. உம்மா எங்கள் இருவரையும் அறைக்குள் அடைத்து, மிளகும் வெள்ளைப்பூண்டும் போட்ட பத்தியச் சோற்றை எனக்கு மூன்று வேளையும் ஊட்டாத குறை. ஷஹ்மாவுக்கு உங்கள் மூக்கு. பிடிவாதம் யாருடையது என்று இரண்டு குடும்பமும் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறது.

இதைப் போனில் சொல்ல முடியாது. நான் "கிரிட்" என்று வாயைத் திறந்தாலே உங்களுக்கு அங்கே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை. அக்குறணையிலிருந்து டோஹாவுக்கு, உங்கள் கம்பனிக்கே வேலைக்கு வரும் ஒருவரிடம் மாசிச் சம்பல் போத்தலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். சம்பலுக்கு முன் இதைத் திறவுங்கள். ஏனென்றால் இந்த மாத முடிவுக்குள் ஒப்பந்தத்தில் மறுபடியும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றீர்கள். ஒன்று நான் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு அங்கே வர வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் தனியாகவே அங்கே இன்னும் இரண்டு வருடம் எழுதிக்கொடுத்துவிடுவீர்கள். அப்படித்தானே சொன்னீர்கள்? பதில் கடைசியில் இருக்கிறது. தாளைப் புரட்டிக் கடைசியைப் பார்க்க வேண்டாம். உங்களை எனக்குத் தெரியும்.

பிள்ளை பிறந்த அன்று நீங்கள் போன் அடித்து அடித்துப் பார்த்தும் நான் எடுக்கவில்லை என்ற கோபம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லை. மழை கொட்டியதால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் வேலைதான் பார்த்திருப்பேன் என்று நளீரிடம் சொன்னீர்களாம். உங்கள் தம்பி எதையும் வயிற்றில் வைத்திருக்க மாட்டார் என்று தெரிந்தும் அவரிடமா சொல்வது? அன்று என் போன் எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் வேலை என்னவென்று ஒரு தடவையாவது முழுதாகக் கேளுங்கள்.

மடுல்கெல்ல, பன்வில பக்கத்துத் தோட்டங்களில் மழைமானிகள் வைத்திருக்கிறோம். பெய்த மழையின் அளவு கண்டியில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும். அந்த மழையை மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போட வேண்டும். அதை வைத்து எந்தச் சரிவு நிற்கும், எது இறங்கும் என்று இன்னொரு கணக்கு. பிறகு தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற சனத்துக்குப் போனில் அறிவித்தல். இத்தனையும் மழை முடிவதற்குள் நடக்க வேண்டும். அவ்வளவு பெரிய கணினி எங்களிடம் இல்லை. அதனால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை என்று பல ஊர்க் கணினிகளைக் கூட்டுச் சேர்த்து ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்கிறோம். அதுதான் கிரிட். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உரிமையாளர். சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் எங்களுக்குத் தருவார்கள். யார் எதை முடித்து யாரிடம் கொடுப்பது என்று ஒழுங்குபடுத்துவதுதான் உங்கள் மனைவியின் வேலை.

நளீரின் கலியாணத்தை நினைத்துப் பாருங்கள். சோறு ஒரு வீட்டில், இறைச்சி இன்னொரு வீட்டில், வட்டிலப்பம் மூன்றாவது வீட்டில். எல்லாவற்றுக்கும் நடுவில் போனும் கையுமாக நீங்கள். "நான் சொல்லும் வரை யாரும் எதையும் அனுப்பக் கூடாது" என்று கட்டளை வேறு. உங்கள் போனில் சார்ஜ் இறங்கியது. மூன்று வீட்டிலும் எல்லாம் வெந்து தயார். பெண் வீட்டார் வெறும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிரிட்டும் அப்படித்தான் இருந்தது. நடுவில் நீங்கள் நின்ற இடத்தில் என் மேசை. நான் சரி என்று பொத்தானை அமத்தினால்தான் அடுத்த வேலை நகரும்.

வெசாக் பண்டிகை கழிந்து வந்த மழையில் அது நன்றாகவே வெளிச்சமாகியது. மண் கணக்கை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். "ஏற்றுக்கொண்டோம்" என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மழை விட்டு வெயிலும் எறித்த பிறகுதான் விடை வந்து சேர்ந்தது. அன்று மலை இறங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அங்கே கணினிகளைப் பார்க்கும் சஞ்சீவனியைக் கூப்பிட்டுக் கேட்டேன். மாணவர்களின் பரீட்சை வேலையால் அவளுடைய கணினிகள் முழுக்க நிரம்பியிருந்ததாம். பிறகு ஏன் ஏற்றுக்கொண்டாய் என்றேன். "ஓம் அக்கா, இடம் இல்லைத்தான். ஆனா உங்களிட்ட இருந்து வந்த வேலையை எப்பிடி வாசல்லயே வச்சுத் திருப்பி விடுறது? அது மரியாதையில்லையே" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. நாங்கள் பாவிக்கும் மென்பொருள் வெளிநாட்டில் எழுதியது. இடமில்லாவிட்டால் "முடியாது" என்று சொல்ல அதில் ஒரு வசதி இருக்கிறது. விசாரித்துப் பார்த்தால் யாழ்ப்பாணம், பதுளை, மட்டக்களப்பு, எங்கள் கூடம் உட்பட எல்லா இடத்திலும், ஒருவரோடொருவர் பேசாமலே, அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறார்கள்! இங்கே உங்கள் குடும்பத்து இரும்புக் கடைச் சட்டமும் அதுதானே. வந்த ஆளின் காதில் "இல்லை" என்ற சொல் விழக் கூடாது, "நாளைக்கு வாங்க, எடுத்து வைக்கிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆணி வாங்க வந்தவர் நாளைக்கு வரலாம். மலை நாளை வரை பொறுக்குமா?

ஆகவே எல்லாவற்றையும் மாற்றினேன். இடமில்லாதவர் உடனே மறுக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அதையும் மறுப்பாகவே எடுத்துக்கொள்வோம். மறுத்த வேலை என் மேசைக்கு வந்து காத்திருக்காமல் நேரே அடுத்த ஊருக்குப் போகும். ஒவ்வோர் ஊருக்கும் தான் யாரிடம் வாங்குவது, யாரிடம் கொடுப்பது என்று தெரியும். இதற்காகக் கூட்டிய கூட்டத்தில் ஒரு பெரியவர், நடுவில் ஒருவர் இல்லாவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். எல்லோரும்தான் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சஞ்சீவனியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. கடைசியில் அவள், வெறும் "முடியாது" என்று அனுப்ப மாட்டேன் என்று, "மன்னிக்கவும், இப்ப இடமில்லை. மட்டக்களப்பைக் கேட்டுப் பாருங்கோ" என்று மறுமொழி எழுதி வைத்தாள். அதைக் கணினிதானே படிக்கப் போகிறது என்றேன். பரவாயில்லை அக்கா, கணினிக்கும் மனம் நோகக் கூடாது என்றாள்.

இதையெல்லாம் முடித்துவிட்டு நான் லீவு போட்டேன். மழை பிடித்தது. எனக்கு வலியும் பிடித்தது. நான் போனைக் கையில் எடுத்ததும் உம்மா பறித்து, "புள்ளயப் பெத்துட்டு வா மொதல்ல, மலய அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான்" என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திறப்பு உம்மாவின் இடுப்பில். நீங்கள் அடித்த போனெல்லாம் என் கலியாணச் சாரிகளுக்கு நடுவில்தான் அடித்திருக்கிறது. இப்போது கோபம் ஆறியதா?

ஷஹ்மா வந்து சேர்ந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றக் கதை தெரிந்தது. மடுல்கெல்லயில் எங்கள் மழைமானியைப் பார்த்துக்கொள்ளும் ரமேஸ், தோட்டத்துத் தேயிலைப் பொட்டலமும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகப் பிள்ளை பார்க்க வந்தார். அவர் சொல்லித்தான் அறிந்தேன். அன்று மழை அளவு போனதும் யாழ்ப்பாணம் தயங்காமல் மறுத்திருக்கிறது. சஞ்சீவனியின் மன்னிப்போடுதான். மட்டக்களப்பு எடுத்துச் செய்தது, பதுளை சரிவுக் கணக்கை முடித்தது. மழை விடுவதற்கு நெடுநேரம் முன்பே லயத்துப் போன்களில் அறிவித்தல் கேட்டிருக்கிறது. அந்த அறிவித்தலை நான்தான் முன்பே தமிழில் பேசிப் பதிந்து வைத்திருந்தேன். ரமேஸ், "ஒங்க கொரலு வந்திச்சுங்க அக்கா. நீங்களே பேசுறீங்கன்னு நெனச்சு அக்கா, அக்கான்னு கூப்புட்டுப் பாத்தேன். பதிலே இல்ல. சரி, அக்கா அவசரத்துல இருக்காங்கன்னு புள்ளகுட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு கோயிலுக்குப் போயிட்டோம்" என்றார். அக்கா எந்த அவசரத்தில் இருந்தாள் என்று அவருக்கு அப்போது தெரியாது.

அன்று பின்னேரம் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து இறங்கியது. பின்பக்கக் குசினிகள் மண்ணுக்குள். ஓர் உயிருக்கும் சேதம் இல்லை. கோழிகள் போய்விட்டன என்று ரமேஸின் மனைவிக்கு மட்டும் கவலை. அவர் போன பிறகு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான். பெருமையும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? நான் ஒரு விரலும் அசைக்காமல் அத்தனை ஊர்களும் சேர்ந்து அந்த வேலையை முடித்திருக்கின்றன. அப்படி முடிக்கும்படி கட்டியவள் நான்.

இதைப் படித்ததும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். அப்படியென்றால் நீ இல்லாமலும் நடக்கிறதே, புறப்பட்டு வா என்பீர்கள். உண்மைதான். வர முடியாமல் என்னை எதுவும் கட்டிப்போடவில்லை. இருந்தும் நான் வரப் போவதில்லை. இனிப் பன்வில பக்கத்துச் சரிவுகளையும் சேர்க்க வேண்டும், அது என் ஆசை. உம்மாவை இந்த வயதில் தனியே விட எனக்கு மனமில்லை. நளீரும் கடையில் ஒற்றை ஆளாக நின்று அல்லாடுகிறார். "நானாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க மதினி" என்று என்னிடம் சொல்கிறாரே தவிர, உங்களிடம் சொல்ல அவருக்குப் பயம்.

ஒவ்வொரு தடவையும் ஒப்பந்தம் முடியும்போது நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். இன்னும் ஒரு தடவை போகட்டுமா, சரியா என்று. நானும் சரி என்றேன். என்னிடம் இடம் இருந்ததா? சஞ்சீவனியின் கணினி மாதிரித்தான் நானும். நிரம்பி வழிந்துகொண்டே, மரியாதைக்காக ஏற்றுக்கொண்டேன். இந்தத் தடவையும் கேட்கிறீர்கள். மன்னிக்கவும், இப்போது இடமில்லை. கேட்டுப் பார்க்க வேறு ஊரும் இல்லை.

கடைசியாக ஒன்று. மகள் பிறந்ததும் அவள் காதில் நளீர்தான் பாங்கு சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல குரல் அவருக்கு. அழகாகத்தான் சொன்னார். கிரிட்டில் யார் எடுத்துச் செய்தாலும் எனக்குக் கவலையில்லை, வேலை முடிந்தால் போதும். அன்று அப்படி இருக்க என்னால் முடியவில்லை. வலது காதில் பாங்கை முடித்துவிட்டு இடது காதுக்கு இகாமத் சொல்ல அவர் குனிந்தபோது, போதும் தம்பி என்று பிள்ளையை வாங்கிக்கொண்டேன். உம்மா முறைத்துப் பார்த்தார். போனைக் காதில் வை, நான் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். பதிந்த குரலும் போன் குரலும் மலை இறங்கும்போது ஆளை எழுப்பப் போதும். இதற்குப் போதாது.

நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக. என் நாற்பது நாள் கழிவதற்குள் வாருங்கள். உங்கள் மகளின் இடது காதில் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வஸ்ஸலாம்.

வழி பார்த்திருக்கும்,
றமீலா