புதைத்த அல்லேலூயா

ஜனவரி 23, 1937, சனி

இன்று மாலை அல்லேலூயாவைப் புதைத்தோம். அந்தச் சொல்லை எழுதிய தோல் ஏட்டைச் சின்னப் பெட்டியில் வைத்து, தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில். இனி பாஸ்கா வரை, உயிர்ப்புத் திருநாள் வரை, மடத்தில் யாரும் அதைப் பாடக்கூடாது, உச்சரிக்கவும் கூடாது. தரை உறைந்து கிடந்தது. குழி வெட்டி என் கைதான் கொப்பளித்தது.

நோயறை ஜன்னலிலிருந்து அர்மெல் கத்தினாள்: "ஆழமா வெட்டுடி, நாய் தோண்டிடப் போகுது!" பிறகு ஒரே இருமல்.

பிப்ரவரி 10, சாம்பல் புதன்

டாக்டர் வந்தார். அர்மெல்லுக்கு இரண்டு நுரையீரலும் போய்விட்டதாம். பாஸ்கா வரை தாங்காது.

பிப்ரவரி 13

கேட்டே விட்டாள். "ஒரு தடவை பாடிக் காட்டேன், குளோதில். வால் மட்டும் போதும்."

பாஸ்கா அல்லேலூயாவின் கடைசி 'ஆ'வைத்தான் நாங்கள் வால் என்போம். அதற்கு மேல் சொல் இல்லை, தாளம் இல்லை, வாத்தியம் இல்லை. ஒரே குரல் ஏறும், தயங்கும், இறங்கும், மறுபடி ஏறும். நானும் அவளும்தான் அதைப் பாடுவோம். அவள் மூச்செடுக்கும்போது நான் பிடித்துக்கொள்வேன், நான் எடுக்கும்போது அவள். யாரோ ஒருத்தி மூச்சே விடாமல் பாடுவதுபோல் இருக்கும்.

"மதரைக் கேக்கறேன்" என்றேன். கோழை.

பிப்ரவரி 14

மடத்துத் தலைவி மதர் ஜூலிட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புதைச்சது புதைச்ச இடத்துல இருக்கட்டும். அவளுக்காக வேண்டிக்கோ."

அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுல கல்லுதான் இருக்கு — சரி, இதையும் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 19

மாலை முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. மெதுவாகப் பாடியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

மார்ச் 3

அர்மெல் போய்விட்டாள். அந்த வால் காதில் விழாமலே.

மதர் தன் கையாலேயே உடலைக் கழுவி உடுத்தினார். எங்களை உள்ளே விடவில்லை.

மார்ச் 27, பெரிய சனி

பெட்டியைத் தோண்டி எடுத்தேன். உள்ளே தோல் இல்லை! குழி வெட்டியவள் நான்தானே, எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

மதர் என்னை ஓரமாக இழுத்துப் போனார். "தேடாதே. அது அர்மெல் கையில இருக்கு."

"மதர்!"

"என்ன மதர்? புதைச்சது இன்னும் மண்ணுக்குள்ளதானே இருக்கு?" குரல் அதட்டியது. கண் சிவந்திருந்தது.

மார்ச் 28, உயிர்ப்பு ஞாயிறு

பூசையில் நான் மட்டும் பாடினேன். வாலின் நடுவே, வழக்கமான இடத்தில், என்னை அறியாமல் மூச்செடுத்துவிட்டேன். பிடித்துக்கொள்ள ஆளில்லை. பாட்டு அறுந்தது.

பாட்டில் பிழை செய்தவள் அங்கேயே மண்டியிட்டுத் தரையைத் தொட வேண்டும். தொட்டேன். நிமிர்ந்தபோது எதிர்வரிசையில் மதரும் மண்டியிட்டிருந்தார், கை தரையில்.

அந்தப் பாட்டுக்கு அவர் வாயே திறக்கவில்லை. பாடியது நான் மட்டும்தான்.