மூன்றாவது படம்

12 ஜனவரி

அன்புள்ள தங்கைக்கு,

இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் சதுப்புநிலத்துக்குப் போகிற என் கண்ணில் படாத பறவை, ஆறு மாதமாகப் போகிற உன் கண்ணில் எப்படிப் பட்டது?

நகரத்துப் பறவைப் பட்டியலைச் சரிபார்ப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீ சொல்லும் அபூர்வமான கரண்டிமூக்கு உள்ளான் பக்கவாட்டில் சாதாரண உள்ளான் போலத்தான் இருக்கும். நேராகத் திரும்பினால்தான் அலகு நுனியில் கரண்டி தெரியும். உன் படங்கள் பக்கவாட்டில் எடுத்தவை. அதனால் உன் பதிவில் ‘போதிய ஆதாரம் இல்லை’ என்று குறித்துவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

ரப்பர் பூட்ஸைக் கழுவிக் காயவை. சேறு காய்ந்தால் வெடித்துவிடும்.

அன்புடன்,
அக்கா

14 ஜனவரி

அக்கா,

மூணாவது படத்தை நீ பார்க்கவே இல்லையா? அதுல அது என்னையே நேரா பார்க்குது. சின்ன வயசுல நான் முதல் பரிசு வாங்கினாலும் ‘அந்த வருஷம் போட்டியே இல்ல’ன்னுதான் சொல்வே.

எங்க வீட்டுக்காரர் கேலி பண்றார்: “நீ பறவையைப் பார்க்கப் போறியா, உங்கக்காகிட்ட பேர் வாங்கப் போறியா?” ரெண்டாவதுதான். சனிக்கிழமை அதைப் பார்த்ததும் அங்கேயே நின்னு உனக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன். நீ வந்து பார்க்கணும்னுதான். நீ எடுக்கல.

நான் இனிமே வரல. நீ குடுத்த பைனாகுலரை உங்க வாட்ச்மேன்கிட்ட குடுத்திருக்கேன்.

உன் தங்கை

17 ஜனவரி, சனி

அன்புள்ள தங்கைக்கு,

மூன்றாவது படத்தை அன்றைக்கே பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன். கரண்டி தெரிந்தது. தெரிந்த பிறகுதான் அப்படிக் குறித்தேன்.

போன் அடித்தபோது கையில்தான் இருந்தது. நீ எதையோ பார்த்துவிட்டாய் என்று புரிந்தது. அதனால்தான் எடுக்கவில்லை. வயிறெரிந்தது என்று எழுதக் கை கூசுகிறது. எரிந்தது. இப்போதும் முழுதாக அணையவில்லை.

இன்று காலை உன் பதிவை ஏற்றுக்கொண்டேன். நாளை நீ வந்தால் நன்றாக இருக்கும் என்று போனில் சொல்லியிருக்கலாம். எழுதத்தான் வருகிறது.

அக்கா

ஞாயிறு மதியம்

உறையை ஒட்டுமுன் இதையும் சேர்க்கிறேன். பட்டியலைப் பார்த்துவிட்டுக் காலையில் முப்பது பேர் கரையில் கூடிவிட்டார்கள். பதினோரு மணிவரை நின்றோம். பறவை வரவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த பல் டாக்டர் ஒருவர், “முதல்ல பார்த்தது நீங்கதானே, மேடம்?” என்றார்.

பைனாகுலரைத் துடைத்தேன். பிறகு, “என் தங்கச்சி” என்றேன்.

“அவங்க எங்கே? காணோமே?”

“நான்தான் வரவிடாம பண்ணிட்டேன்.”

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, அவர் வாய்விட்டுச் சிரித்தார்.