கேக்கின் மேல் குத்தி நிறுத்திய உங்கள் படை

என் அண்ணாவுக்கு,

நீங்கள் இருந்திருந்தால் முதலில் "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். இல்லை, அண்ணா. சில நாட்களாக எதை வாயில் வைத்தாலும் பட்டர் மணக்கிறது. சோற்றிலும் அதே மணம், தேத்தண்ணியிலும் அதே மணம். சோற்றை அப்படியே மூடி வைத்துவிடுகிறேன்.

உங்கள் பிஸ்கட் டின்னைப் பற்றித்தான் எழுதுகிறேன். துறைமுகத்தில் நீங்கள் வேலை பார்த்தபோது, கப்பலில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் படைவீரர்கள். வில்லாளி, ஈட்டிக்காரன், குதிரைக்காரன், எல்லாருமே கட்டைவிரல் உயரம். அடித்தட்டுகள் பழையனவாகி உடைந்துபோயிருந்தன. நீங்கள் அவற்றைப் பிளேடால் பக்குவமாகச் சீவி எடுத்துவிட்டு, மாஜரீன் டப்பா மூடியில் வட்டம் வட்டமாக வெட்டிப் புதுத் தட்டு ஒட்டினீர்கள். மேலே பசை பூசி மணல் தூவினீர்கள். ஒவ்வொருவனுடைய சப்பாத்துக்கும் வெவ்வேறு நிறம் தீட்டினீர்கள். கிண்ணியாவிலிருந்து உங்கள் சிநேகிதர் நசீர் நானா வந்தால் மேசை முழுக்க யுத்தம்தான்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. உங்களுக்குத் தெரியும். "வெளியில ஷெல் அடிக்கிறாங்கள், உள்ளுக்க இருந்து நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறியள். வெக்கமில்லையோ?" என்று கத்தினேன். நீங்கள் தாயக்கட்டையை உருட்டிக்கொண்டே, "இதில செத்தவனுக்கு வீட்டில ஒருத்தரும் அழமாட்டினம். நீ போய்ப் படி" என்றீர்கள்.

பிறகு பாலையூற்றுச் சந்தியில் உங்களுக்கு வெடி பட்டது. எந்தப் பக்கத்து வெடி என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. டின் உங்கள் அலுமாரிக்குள் அப்படியே இருந்தது.

போன கிழமை வேலை முடிந்து வந்து குசினிக் குப்பை வாளியைத் திறந்தேன். மீன் செதிலும் குடலும் கிடந்தன. அவற்றின் நடுவே உங்கள் வட்டத் தட்டுகள். கையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு பாதங்கள் மட்டும் நின்றன; குதிரைக்காரர்களின் தட்டுகளில் நான்கு குளம்புகள். நீலச் சப்பாத்து, சிவப்புச் சப்பாத்து, மண்ணிறச் சப்பாத்து. கணுக்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை.

அக்கா அடுப்படியில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத்தான்தான் வெட்டினவர். என்னைக் கொண்டு கேக் அடிப்பிச்சவர்" என்றாள். "ஆமிக் காம்புக்குக் குடுக்கவாம். எங்கேயோ சண்டையில வெண்டவையாம். லொறி ஓட அவை குடுக்கிற பாசைப் புதுப்பிக்க வேணுமெண்டு சொன்னவர்."

அத்தான் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "தட்டோட வைச்சால் ஐசிங்குக்கு வடிவில்லை, அதான் வெட்டிக் குத்தினனான். பாதிப் பேரை நிப்பாட்டினனான், மற்றவையைப் படுக்க விட்டு மேல ஜாம் ஊத்தினனான். அச்சாவா இருந்தது" என்றார். நான் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, பிளாஸ்டிக் பொம்மைக்கோ அழுகிறாய்?" என்று கேட்டார்.

சிவப்பு ஜாம், அண்ணா. உங்களைச் சந்தியிலிருந்து தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். உங்கள் இரத்தம் தோய்ந்த அவருடைய சட்டையை அக்காதான் அலசினாள். அதைப் பார்த்தவருக்கு ஜாமை ஊற்ற எப்படி மனம் வந்தது?

மறுநாள் காம்பிலிருந்து கேக் பலகையைத் திருப்பிக் கொண்டுவந்தார். வீரர்கள் பட்டருக்குள் புதைந்து கிடந்தார்கள். மேலெல்லாம் எறும்பு. சிகரெட் சாம்பலும் தட்டியிருந்தார்கள். ஒரு வில்லாளியின் தலையில் பல் பட்ட அடையாளம். யாரோ சப்பிப் பார்த்துவிட்டுத் துப்பியிருக்கிறார்கள். முற்றத்துக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். அத்தானோ, "நல்லாச் சந்தோசப்பட்டவை. அடுத்த மாசமும் ஒண்டு வேணுமாம்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

நசீர் நானாவுக்குச் சொல்லியனுப்பினேன். ஞாயிறு காலை கடலைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறி வந்தார். சவர்க்காரத் தண்ணீர் வைத்துப் பழைய பல்துலக்கியால் ஒவ்வொருவரையும் தேய்த்தோம். மூன்று தண்ணீர் மாற்றியும் கொழுப்புப் போகவில்லை.

"தங்கச்சி, இவனுக்கு நீலச் சப்பாத்து. அந்தக் காலைத் தாங்க" என்பார். குப்பையிலிருந்து நான் பொறுக்கி வைத்திருந்த தட்டுக்குவியலில் தேடிக் கொடுப்பேன். ஊசியைச் சூடாக்கிக் கணுக்காலில் துளை போட்டு, மெல்லிய கம்பித்துண்டைச் செருகிப் பசை வைத்துக் காலோடு காலைப் பொருத்தினார். சிலருக்குச் சொந்தக் கால் கிடைத்தது. சிலருடைய பாதம் நசுங்கிப்போயிருந்தது. அவர்களைக் கணுக்காலோடு புதுத் தட்டில் ஒட்டினோம். கொஞ்சம் குள்ளமாக நிற்கிறார்கள். நானா நடுவில் ஒருமுறை எழுந்து வெளியே போய் நின்றார்.

அத்தான் வந்து எட்டிப் பார்த்தார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்: "இப்ப ஏன் மினக்கெட்டு ஒட்டுறியள்? அடுத்த மாசம் திரும்ப வெட்டவெல்லோ வேணும்."

நான் வாயைத் திறக்க முதல் அக்கா குசினியிலிருந்து வந்தாள். கையெல்லாம் மா. எங்கள் அக்கா அத்தானுக்கு எதிராக ஒரு கதை கதைத்து நீங்கள் கேட்டதுண்டா? மேசையில் இருந்தவர்களைத் தன் கையாலேயே டின்னுக்குள் அடுக்கி மூடி நானாவிடம் நீட்டினாள்.

"நானா, இதுகளை உங்கட வீட்டுக்குக் கொண்டு போங்கோ. இஞ்ச வைச்சிருக்க ஏலாது."

"உனக்கென்ன விசரே? பாஸ் இல்லாட்டி லொறி ஓடாது!" என்றார் அத்தான்.

"நிக்கட்டும்" என்றாள் அக்கா. "என்ர தம்பியின்ர சாமானில இனி ஒருத்தனும் கேக் தின்னமாட்டான். நானும் அடிக்க மாட்டன்."

லொறி இப்போது முற்றத்தில் நிற்கிறது. அத்தான் எங்களோடு கதைப்பதில்லை. வீட்டில் செலவுக்கு இறுக்கம்தான். அக்கா கேக் தட்டுகளைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போகும் வழியில் சோதனைச் சாவடியில் நானாவின் டின்னைத் திறக்கச் சொன்னார்களாம். ஒரு ஆமிக்காரன் சிரித்துவிட்டுக் குதிரைக்காரன் ஒருவனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டானாம். நானா டின்னை மூடிக்கொண்டு நடந்தாராம். ஆமிக்காரனை யார் கேட்பார்கள்? அந்தக் கை என்னவோ என் உடம்பில் பட்டதுபோல எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இன்னும் சிலர் தட்டில்லாமல் கிடக்கிறார்களாம். மாஜரீன் டப்பா மூடிகள் சேர்த்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அக்காவும் நானும் கிண்ணியாவுக்குப் போகிறோம். போவதாக அத்தானுக்கு அக்காவே சொல்லிவிட்டாள். கடைசி ஆள் வரைக்கும் ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் வருவோம், அண்ணா. உங்கள் பக்கம் ஆடச் சொல்லி நானா கேட்டிருக்கிறார். எனக்கு இந்த விளையாட்டு இப்போதும் பிடிக்காது. ஆனாலும் ஆடுவேன்.

இப்படிக்கு,
உங்களோடு சண்டை பிடித்தே வளர்ந்த
தங்கச்சி