ரிஜிஸ்டர் விலகல்

கார்த்திகை 9, செவ்வாய்

பழைய சினிமாப் படங்களைப் பற்றி நண்பன் முருகேசன் எழுதிய புத்தகத்தின் அட்டை இன்று எங்கள் அச்சகத்துக்கு வந்தது. பின்னட்டையில் ஒரு வரி: ‘ஒரு காட்சி கலைந்து அடுத்தது எழும்போது, ரிஜிஸ்டர் விலகிய போஸ்டர்போல அவள் முகம் இரண்டாகத் தெரிகிறது.’

படித்துவிட்டுத் தருவதாக அவன் வாங்கிப்போன என் நோட்டில் இருந்த வரி. அவன் கணக்கு வாத்தியார். அச்சில் நிறங்கள் இம்மி தள்ளி விழுந்தால் ரிஜிஸ்டர் விலகல் என்போம் என்று அவனுக்குச் சொன்னதே நான்தான்.

ஆறு வருஷம், ஞாயிறுதோறும் சேர்ந்து படம் பார்த்தோம். போனில் கேட்டேன்.

“சேந்துதானலே பாத்தோம். ஒத்த வரிக்கா இம்புட்டுக் கோவம்?”

புத்தகத்துக்குள் என் வரிகள் இன்னும் எத்தனையோ என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன்.

நாளைக் காலை அந்த அட்டையை நான்தான் மெஷினில் ஓட்ட வேண்டும். ரிஜிஸ்டர் விலகாமல்.